பஞ்சர்காரர் போட்ட ஊசி

ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதை அடைத்தாக வேண்டும். பஞ்சர்காரருக்கு உலகத்தில் சந்தேகமே இல்லாமல் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். மற்ற எதிலும் அவர் நாலு பேரிடம் யோசனை கேட்பார், நாலு பேர் சொன்னதற்கும் தலையாட்டுவார், கடைசியில் மனைவி சொல்கிறபடி செய்துவிடுவார். ட்யூப் விஷயத்தில் மட்டும் அவரிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது.

பெரிய ரோடு திரும்புகிற முனையில், பூட்டு சாவிக் கடைக்கும் எப்போதோ மூடிய போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில், ஒரு ஷட்டர் அகலத்துக்கு அவர் கடை. வாசலில் இரும்புத் தொட்டி, அதில் கறுத்துப்போன தண்ணீர். ட்யூப்பில் காற்றடித்து, தண்ணீருக்குள் அமுக்கி, சாண் சாணாகத் திருப்பிக்கொண்டே வருவார். எங்கேயோ ஓர் இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அங்கே உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் பசையைத் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, ஒட்டுத்துண்டை வைப்பார். பிறகுதான் அவர் தொழிலின் சாரமே இருக்கிறது. வலது கட்டைவிரலை ஒட்டின்மேல் ஊன்றி, தோளிலிருந்து பாரத்தை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி அழுத்துவார். மற்ற கடைகளில் சுத்தியலால் தட்டுவார்கள். "சுத்தியலுக்கு என்னய்யா தெரியும், ஒட்டிச்சா ஒட்டலையான்னு?" என்பார் இவர். அந்த விரல் வருஷக்கணக்கில் ரப்பரோடு மல்லுக்கட்டித் தட்டையாகி, கரண்டி மாதிரி அகன்று போயிருந்தது. அவர் ஒட்டிய இடம் திரும்பப் பிரிந்ததாக யாரும் வந்து நின்றதில்லை.

மனைவிக்கு வேலை குழந்தைகள் காப்பகத்தில். நடக்கத் தெரிந்தும் நிற்கத் தெரியாத உருப்படிகளைப் பகல் முழுக்க மேய்க்க வேண்டும். இதயத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறவள், அதோடு அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு மாத்திரைக்கு அடங்கவில்லை. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி நர்ஸம்மா பேனா மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டி, "நீங்களே போட்டுக்கப் பழகிக்கங்கம்மா, சுலபம்தான்" என்றபோது மனைவி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"புள்ளைங்களுக்குத் தடுப்பூசி போட வர்ற அன்னைக்கே நான் பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவேன். என்னையே நான் குத்திக்கணும்னா நடக்கிற காரியமா? இதோ இவருக்குச் சொல்லிக்குடுங்க. பொழுதன்னைக்கும் ஓட்டையிலேயே குடித்தனம் பண்றவர்."

நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தாள். வெளியே வரிசையில் ஆட்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். அவள் வேகமாகச் சொன்னாள். பஞ்சர்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீடு வந்து சேர்ந்தபோது அவர் மண்டையில் இரண்டு விஷயங்கள்தான் மிச்சமிருந்தன. எத்தனை யூனிட் என்பது ஒன்று. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட வேண்டும் என்பது இன்னொன்று. பெண்சாதி தன்னை நம்பி வயிற்றைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில் உள்ளூர அவருக்கு ஒரு பெருமை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சாவிக்கடைக்காரரைத் தவிர.

முதல் ஊசியிலேயே சிக்கல். போட்டு, சட்டென்று வெளியே இழுத்தார். குத்திய இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு துளி எட்டிப் பார்த்தது.

"ஏம்மா, ஒழுகுது."

"என்ன ஒழுகுது?" அவள் சுவரைவிட்டுத் திரும்பவில்லை.

"மருந்து. உள்ள போட்டது வெளிய வருது."

இதற்கு மேல் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கை தானாகப் போயிற்று. கட்டைவிரலை ஊன்றி, தோளிலிருந்து பாரத்தை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். துளி இல்லை. திருப்தியாக இருந்தது.

அடுத்த நாள் அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு. அதற்கடுத்து அது நீலமாயிற்று. போகப்போகப் பொத்தான்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, வலதுபக்க வயிறு பூரா மசி கொட்டின மாதிரி ஆகிவிட்டது. பஞ்சர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கறுக்கக் கறுக்க அவர் இன்னும் கவனமாகப் போட்டார். இன்னும் கவனமாக அழுத்தினார். அது இன்னும் கறுத்தது.

"காப்பகத்துல புள்ளைங்க எதாச்சும் உதைக்குதா உன்னை?"

"உதைக்காம? ஆனா அதுங்க முழங்காலைத்தான் உதைக்கும். வயித்துக்கு எட்டாது."

இந்த நிலையில்தான் மகள் வந்து சேர்ந்தாள். ஒரே மகள். வேறு ஊரில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் குடியிருக்கிறாள். அம்மா துணி மாற்றும்போது பார்த்துவிட்டு, நேரே கடைக்கு வந்து அப்பா முன்னால் நின்றாள்.

"என்னப்பா இது? அம்மா வயிறா, அட்லஸா? நாடு நாடா கலர் போட்டு வெச்சிருக்கீங்க."

"நான் சரியாத்தாம்மா போடுறேன். ஏன் கன்னிப்போகுதுன்னுதான் தெரியல."

"தெரியாதுன்னா தெரிஞ்சவங்ககிட்ட விடணும். அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை திரும்ப வருவேன். அப்பவும் புதுசா ஒரு நீலம் இருந்துச்சுன்னா அம்மாவைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். நானே போட்டுவிடுறேன். எங்க வீட்டுலயே இருக்கட்டும். போன்ல வீடியோவே இருக்கு இதுக்கெல்லாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"எவ்வளவு நாளைக்குன்னா? ஊசி எவ்வளவு நாளைக்கோ அவ்வளவு நாளைக்கு."

பக்கத்தில் சாவி ராவிக்கொண்டிருந்தவர் அரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். பஞ்சர்காரர் கையிலிருந்த ட்யூப்பை எதற்கென்று தெரியாமல் மறுபடி தண்ணீருக்குள் அமுக்கினார். அது ஏற்கெனவே ஒட்டி முடித்த ட்யூப்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டார். "போறியா?"

"பாக்கலாம்" என்றாள் அவள், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே.

அவரை அதிகமாகக் குழப்பியது இந்தப் பதில்தான். போகிறேன் என்றால் போகிறேன். மாட்டேன் என்றால் மாட்டேன். பாக்கலாம் என்றால் அதை எந்தத் தொட்டியில் அமுக்கி எங்கே குமிழி வருகிறதென்று பார்ப்பது? சமையலெல்லாம் அவருக்குக் கவலையில்லை, வெந்ததைத் தின்றுகொள்வார். ஆனால் கடையில் நடந்ததைச் சாயங்காலம் வந்து யாரிடம் சொல்வது? ஆணியைப் பிடுங்காமலே காற்றடிக்கச் சொன்ன ஆளைப் பற்றி, ஸ்டெப்னி டயர் என்று நினைத்து வட்டமான விளம்பரப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தவனைப் பற்றியெல்லாம் அவள் ஒருத்திதான் வேலையைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவாள். அந்த "ம்" இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் முடிந்ததில்லை.

ஆகவே யோசனை கேட்கக் கிளம்பினார்.

சாவிக்கடைக்காரர் சொன்னார்: "சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. கட்டின ரத்தம் இளகிடும்."

இது பஞ்சர்காரருக்கு உடனே பிடித்துவிட்டது. சூட்டில் வைத்து ஒட்டுகிற ஒட்டுதான் உறுதி என்று அவருக்குத் தெரியும். ஊசி போட்ட கையோடு சுடுதண்ணீர்ப் பையை வைத்தார். மறுநாள் நீலம் இன்னும் அகலமாகப் பரவியிருந்தது.

மருந்துக்கடையில் கேட்டால், "யாரு சார் சூடு வைக்கச் சொன்னது? ஐஸ் வைக்கணும்" என்றார்கள். சரியென்று ஐஸ் வைத்தார். வெறும் ஐஸ் கட்டியை அப்படியே வைத்ததில் மனைவி துள்ளி எழுந்து, "என்னைக் கொல்றதுன்னா நேராச் சொல்லிட்டுக் கொல்லுங்க" என்றாள். சூடும் வேண்டாம், குளிரும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று அவர் பச்சைத்தண்ணீரில் துணியை நனைத்து வைத்தார். அதனால் வயிறு ஈரமானதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

டயருக்குக் காற்றடிக்க வந்த ஒருவர் அவள் இதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "அது ரத்தத்தைத் தண்ணியாக்கிடும், அதான் கறுக்குது." இதை வீட்டில் வந்து சொன்னதும், இதுவரை எல்லாவற்றுக்கும் உட்பட்டவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காத்தடிக்க வந்தவர் சொன்னாரா?"

"ம்."

"அவர் காரை யார்கிட்ட காட்டுறாரு? டாக்டர்கிட்டயா?"

அந்த யோசனை அத்தோடு முடிந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று அவள்தான் சொன்னாள். மகள் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நர்ஸம்மாவின் அறையில் ஒரு உயரமான ஸ்டூல், ஒரு பச்சைத் திரை, நின்றால் நடுங்குகிற எடை மெஷின். வயிற்றைப் பார்த்ததும் நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

"வேற எங்கயாச்சும் இப்படிக் காரணமில்லாம கன்னிப்போகுதா? கை, கால்? பல் தேய்ச்சா ஈறுல ரத்தம் வருதா?"

"அதெல்லாம் இல்ல. இங்க மட்டும்தான்."

"சரி. ஊசி முனையை எப்ப மாத்துறீங்க?"

பஞ்சர்காரர் முந்திக்கொண்டார். "முனை நல்லாத்தாம்மா இருக்கு. மழுங்கிடுச்சான்னு தினமும் நகத்துல கீறிப் பார்த்துத்தான் போடுறேன்."

நர்ஸம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "நகத்துலயா?"

"ஆமா. கீறல் விழுந்தா கூர்மை இருக்குன்னு அர்த்தம்."

"ஐயா, அது ஒரு தடவை குத்தினதுமே கெட்டுப்போயிடும். உங்க கண்ணுக்குத் தெரியாது. நீங்க நகத்துல கீறுறது வேற. மழுங்கின முனை உள்ள போகும்போது கிழிச்சுக்கிட்டுப் போகும், அழுக்கு வேற. ஒவ்வொரு தடவையும் புது முனை. இனிமே நகம் பக்கமே கொண்டு போகக் கூடாது."

அடுத்து, ஏன் வலது பக்கமாகவே போட்டிருக்கிறது என்று கேட்டாள். அந்தப் பக்கம்தான் தன் கைக்கு வாகாக இருக்கிறது என்றார். "உங்க கைக்கு வாகா இருந்தா அவங்க வயிறு என்ன பண்ணும்? இன்னைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம். போட்ட இடத்துலயே போடாம ஒரு விரல் தள்ளித் தள்ளிப் போடுங்க. தொடையிலயும் போடலாம். கன்னிப்போன இடத்துல அது ஆறுற வரைக்கும் போடவே கூடாது. கன்னிப்போனா முதல் நாள் ஐஸைத் துணியில சுத்திக் கொஞ்ச நேரம் வைங்க. ரெண்டு நாள் கழிச்சு வேணும்னா வெதுவெதுப்பா ஒத்தடம்."

ஆக, சாவிக்கடைக்காரரும் சரி, மருந்துக்கடைக்காரரும் சரி. நாள்தான் மாறிப்போயிருக்கிறது. இரண்டு பேர் நேரெதிராகச் சொல்லி இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று பஞ்சர்காரர் யோசித்துக்கொண்டிருந்தபோது, மனைவி மாத்திரையைப் பற்றிக் கேட்டாள்.

"அதனால கொஞ்சம் சீக்கிரம் கன்னும், வாஸ்தவம்தான். அதுக்காக டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க. நீலம் ஆறிடும், ஹார்ட்டு அப்படி இல்ல. இப்ப நீங்க போடுங்கய்யா, நான் பாக்கிறேன்."

பஞ்சர்காரர் போட்டார். பரீட்சைக்கு உட்கார்ந்த பையனைப்போல் கை வியர்த்தது. போட்டதும் இழுக்கப் போனார். "இருங்க இருங்க, பத்து எண்ணுங்க. அதுக்கப்புறம் நேரா எடுங்க. அவசரப்பட்டா மருந்து வெளிய வந்துடும்." நர்ஸம்மாவே எண்ணினாள். எடுத்ததும் துளி வரவில்லை. "அவ்வளவுதான். நல்லாத்தானே போடுறீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் போட்ட அந்த இடம் மறுநாள் வெள்ளையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. பஞ்சர்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். இனி கவலையில்லை என்று நினைத்தார். வீட்டில் இப்போது எல்லாமே புது முறைப்படிதான் நடந்தது. புது முனை, இடது பக்கம், பத்து எண்ணுவது. எண்ணும்போது அவள், "நிதானமா எண்ணுங்க, பஸ்ஸு ஒண்ணும் போயிடாது" என்பாள்.

ஆனால் வீட்டில் போட்ட இடமெல்லாம் மறுபடி கறுத்தது. முன்னைக்குச் சின்னதுதான். ஆனாலும் கறுப்பு கறுப்புதானே.

இப்போது நிஜமாகவே அவருக்குத் தலை சுற்றியது. அதே வயிறு, அதே மருந்து, அதே பேனா, அதே கை. அங்கே போட்டால் ஒன்றுமில்லை, இங்கே போட்டால் நீலம். ஒரு ட்யூப் ஒரு தொட்டியில் குமிழி விட்டு இன்னொரு தொட்டியில் விடாமல் இருக்குமா? கடையில் உட்கார்ந்து அங்கே இருந்து இங்கே இல்லாதது என்னென்ன என்று யோசித்தார். பச்சைத் திரை. எடை மெஷின். உயரமான ஸ்டூல்.

சாவிக்கடைக்காரரிடம் கடை சாத்தும்போது அவருடைய உயரமான ஸ்டூலை இரவல் கேட்டார்.

"எதுக்குங்க?"

"வீட்டுல வேணும்."

"பல்பு மாத்தவா?"

"ஊசி போட."

சாவிக்கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். பஞ்சர்காரர் ஸ்டூலைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு வழியே நடந்து வந்ததை மனைவி ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

"இது என்ன கூத்து?"

"ஏறி உக்காரு. ஆஸ்பத்திரியில இந்த உயரத்துலதான் உக்காந்திருந்தே. உயரத்துல உக்காந்தா வயித்துத் தோல் தளர்வா இருக்கும்போல."

"இதுல ஏறி விழுந்தா வயிறு மட்டுமில்ல, முழுசாக் கன்னிப்போவேன்." சொல்லிக்கொண்டே ஏறினாள். ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. அவர் அதற்கு அடியில் ஒரு ஒட்டுத்துண்டை மடித்து வைத்தார். அவள் வழக்கம்போல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். புது முனை. குத்தினார். பத்து எண்ணினார். நேராக எடுத்தார். துளி இல்லை. கட்டைவிரலை ஊன்றி, பாரத்தை இறக்கினார்.

அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல." பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "அங்க நீங்க இதைச் செய்யல" என்றாள்.

"எதை?"

"இதை." திரும்பி, முகவாயால் அவர் கட்டைவிரலைக் காட்டினாள். "ஆஸ்பத்திரியில ஊசியை எடுத்தீங்க, கையையும் எடுத்துட்டீங்க. அன்னைக்குத்தான் எனக்கு வலிக்கவே இல்ல."

பஞ்சர்காரர் விரலை எடுத்தார். எடுத்து அதையே பார்த்தார். "அங்க துளி வரல, அதனால அழுத்தல."

"இங்கயும்தான் இப்ப வரல."

"கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா? பொடிக் கசிவு தண்ணியில போட்டாத்தான் தெரியும்."

"அப்ப அங்க மட்டும் ஏன் விட்டீங்க?"

அவர் ஊசிமுனையைக் கழற்றி டப்பாவில் போட்டார். அதற்கு வேண்டிய நேரத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார். "நர்ஸம்மா நின்னாங்க. அவங்க முன்னாடி எப்படி உன் வயித்துல விரலை வெச்சு..."

"கட்டின பொண்டாட்டி வயித்துல கை வைக்க நர்ஸம்மா முன்னாடி வெக்கமா உங்களுக்கு?" அவள் சிரித்ததில் ஸ்டூல் ஆடியது. அவர் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளா வலிச்சுதா?"

"வலிக்காம? லாரி டயரை ஒட்டுற விரல்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, 'சரி, உனக்குத் தோதா நீயே போட்டுக்கோ'ன்னு பேனாவை என் கையில குடுத்துடுவீங்க. அதைவிட இது மேல்னு இருந்துட்டேன். மகள் கூப்பிட்டப்போ, வலிக்காத இடத்துக்குப் போயிடலாமான்னும் நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

பாக்கலாம் என்பதற்கு இப்போதுதான் அவருக்கு அர்த்தம் கிடைத்தது. கிடைத்த பிறகும் அது நல்ல அர்த்தமா கெட்ட அர்த்தமா என்று அவரால் தரம் பிரிக்க முடியவில்லை. ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு வந்து நின்றார்.

"அப்ப அந்த ஓட்டை?"

"எந்த ஓட்டை?"

"ஊசி போட்ட ஓட்டை. அழுத்தலைன்னா அதை யார் அடைக்கிறது?"

"தானா மூடிக்கும்."

"தானா எப்படி மூடும்?"

"எனக்கென்ன தெரியும்? காப்பகத்துல புள்ளைங்க தினமும் விழுந்து முட்டியைப் பேத்துக்குதுங்க. நான் யாருக்கும் ஒட்டுப் போடுறதில்ல. தானாத்தான் மூடுது."

இத்தனை வருஷத்தில் தானாக மூடிய ஓட்டை எதையும் பஞ்சர்காரர் பார்த்ததில்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு நர்ஸம்மாவையே கேட்டார். அமுக்கி அடைக்காவிட்டால் ஓட்டை எப்படி மூடும் என்றார். "அமுக்கினீங்களா? எவ்வளவு அமுக்கினீங்க? ஐயையோ, அதான் விஷயம். உள்ள முடி மாதிரி ரத்தக்குழாய் இருக்கு, லேசா அடிபட்டதை நீங்க நசுக்கிடுறீங்க. தேய்ச்சா மருந்தும் சில நேரம் தாறுமாறா வேலை செய்யும். ஒண்ணும் செய்யாதீங்க. ரத்தம் வந்தா மட்டும் பஞ்சை மேலால வெச்சுப் பிடிங்க, பாரம் குடுக்காம."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்று சாயங்காலம் தெரிந்துகொண்டார். ஊசியை எடுத்ததும் கை கிளம்பிவிட்டது. பாதி வழியில் இழுத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் காதைச் சொறிந்துகொண்டார். மறுநாள் அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. அதற்கடுத்ததும் வெள்ளை. அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் கணக்கு உதைத்தது. அடைக்காத ஓட்டைகளோடு அவள் காப்பகத்துக்குப் போய்விட்டு வந்தாள், சாப்பிட்டாள், சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் இருந்தது.

இதற்கிடையில் பழைய நீலங்களுக்கு வேறு கிறுக்குப் பிடித்தது. ஓரங்களில் பச்சை வந்தது, பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் கீழ்ப்பக்கமாக இறங்கிப் பரந்தது. "சீழ் வைக்குதா?" என்று பயந்துபோய்த் தொட்டுப் பார்த்தார். சூடில்லை, வீக்கமில்லை. மறுபடி போன். நர்ஸம்மா இந்தத் தடவை சிரித்தே விட்டாள். "ஆறுதுய்யா. ஆறும்போது அப்படித்தான் கலர் மாறும். சூடா, சிவந்து, வீங்கினா மட்டும் வாங்க." ஆறும்போது பார்க்க இன்னும் மோசமாக இருக்கும் என்பதை மட்டும் மகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பெட்டி காலியாக இருந்தது. அம்மாவின் துணிகளுக்காகக் கொண்டுவந்தது என்று பார்த்ததும் தெரிந்தது. வந்ததும் அம்மாவை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னம்மா, முன்னைவிடப் பரவியிருக்கு. மஞ்சளும் பச்சையுமா."

"அது ஆறுதாம்மா" என்றார் பஞ்சர்காரர். "ஆறினா அப்படித்தான் ஆகுமாம். புதுசா நீலம் இல்ல பாரு."

"எல்லாம் உங்களுக்கு ஆகுமாம், ஆகுமாம்தான். தெரிஞ்சு ஒண்ணும் பேச மாட்டீங்க." பெட்டியின் ஜிப்பைத் திறந்தாள். "அம்மா, எந்தத் துணியெல்லாம் எடுத்துக்கறே?"

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். "முதல்ல ஊசி. அப்புறம் சாப்பாடு. அப்புறம் துணி." நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைக் காட்டினாள். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சர்காரர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். புது முனையைத் திருகினார். நல்ல தோலாக, பழைய இடத்திலிருந்து தள்ளி ஓர் இடம் பார்த்துக் குத்தினார். உதடு அசைய எண்ணினார். நேராக எடுத்தார்.

வராத நாளெல்லாம் வராமல் இருந்துவிட்டு, அன்றைக்கென்று பார்த்து ரத்தம் வந்தது. சிவப்பாக ஒரே ஒரு மணி. அவர் பஞ்சைத் தேடினார். அதற்குள் மகள் குனிந்து தன் வலது கட்டைவிரலை அதன்மேல் வைத்து, தோளைச் சாய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி அழுத்தத் தொடங்கினாள்.

பஞ்சர்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அமுக்காதே."

"ரத்தம் வருதுப்பா."

"வரட்டும். நீ கையை எடு."

அவள் எடுக்காமல் அவரைப் பார்த்தாள். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, சொலுஷன் வாடையில் உட்கார்ந்து, அவர் ஒட்டுத்துண்டை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். அவர் அவள் விரலை மெதுவாக விலக்கிவிட்டு, பஞ்சை எடுத்து, மேலோட்டமாக, ஈ உட்கார்ந்த மாதிரி வைத்துப் பிடித்தார். பஞ்சை எடுத்தபோது அதில் கடுகளவு சிவப்பு இருந்தது. தோலில் ஒன்றுமில்லை.

மனைவி மகளையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிறு குலுங்குகிற சிரிப்பு.

"என்னம்மா சிரிப்பு?"

"உங்கப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்கிறதுக்குள்ள என் வயிறு இந்தக் கதி ஆச்சு. உன்கூட வந்தா மறுபடியும் முதல்லேருந்து கன்னிப்போகணும். நான் வரலடி. பெட்டியை மூடு."

"அப்ப என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"இருக்கு. லீவுக்கு வர்றேன், ஒரு வாரம். அப்பவும் இவரையும் கூட்டிட்டுத்தான் வருவேன்."

மகள் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் அதோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அமுக்கக் கூடாதாப்பா?"

"கூடாதாம்."

"அமுக்கலைன்னா அது எப்படி நிக்கும்?"

"தானா மூடிக்குமாம்."

"தானா எப்படிப்பா மூடும்?"

"அதைத்தாம்மா நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் பஞ்சர்காரர். "ரெண்டு தடவை போன் போட்டுட்டேன். அவங்க சொல்றாங்க, நானும் சரிங்கறேன். போனை வெச்சப்புறம் மறுபடி புரியாமப் போயிடுது."

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஊசி போட்டாச்சு, நான் இப்ப சாப்பிட்டாகணும். அந்த ஆராய்ச்சியை அப்புறம் வெச்சுக்கலாம். அப்பாவும் மகளும் கையைக் கழுவிட்டு வந்து தட்டை எடுத்து வைங்க."

இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.